மோட்டார் வாய் மூடிய வாரம்

ஜூன் 4

எலிக்குட்டி,

இந்தப் பெயரால் உன்னைக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை. உனக்கு எழுதுவதென்றால் கை தானாக இதைத்தான் எழுதுகிறது. அதற்காக என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

இன்று காலை ஒரு பார்சல் வந்தது. உன் மச்சான் பெயருக்கு. கொண்டு வந்தவன், "சார் இல்லையா? அவர்தான் கையெழுத்துப் போடணும்" என்றான். இல்லை என்றேன். "எப்ப வருவாரு?" என்று கேட்டான். அவனுக்கு என்ன தெரியும்? இருந்தாலும் அவன் கன்னத்தில் ஒன்று விடவேண்டும்போல இருந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்தால் உள்ளே ஒரு கிரீஸ் டியூப். "மச்சான், மோட்டாருக்கு இது" என்று உன் கோழிக்கிறுக்கலில் ஒரு துண்டுக் காகிதம்.

செத்துப்போன மனுஷனுக்கு கிரீஸ் அனுப்புகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். அவர் உயிரோடு இருந்தபோதே அனுப்பியிருக்கிறாய். எந்த எந்த ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததோ. வராமலே இருந்திருக்கலாம்.

போன தடவை நீ இங்கே வந்தாய். வாசலில் அவருடைய பேட்டரி சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்தாய். நான் உள்ளே விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தது மட்டும் காதில் விழுந்தது. நீ ஊருக்குக் கிளம்பிய அந்த வாரமே மோட்டாரின் ஊளைச் சத்தம் நின்றுவிட்டது. "என்ன, உங்க வண்டி வாயை மூடிடுச்சு?" என்று கேட்டேன். "உன் தம்பி மந்திரம் போட்டுட்டுப் போயிட்டான்" என்றார். நல்ல மந்திரம் போட்டாய். அதற்கு அடுத்த வாரம் துணிக்கட்டோடு மேட்டுத் தெரு சரிவில் இறங்கினவர் நாற்சந்தியில் நிற்கவில்லை. தண்ணீர் லாரிக்காரன் அடித்துச் சொல்கிறான், "அவர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தாரு, நான் பார்த்தேன், வண்டி கேக்கல" என்று. பின் சக்கரம் முழுக்க எண்ணெய், பிரேக் தட்டு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது என்று மூக்குக்கண்ணாடி போட்ட சைக்கிள் கடைக்காரர் சொன்னார். "யாரோ வெவரம் இல்லாதவன் செயினுக்கு ஸ்ப்ரே அடிச்சிருக்காம்மா. அது பிரேக்ல பட்டா வண்டி எமன்" என்றார். அந்த வண்டியை உன்னைத் தவிர வேறு யார் தொட்டது?

அவரைக் கிடத்தியிருந்த அன்று நீ தெரு முனையில் வந்து நின்றாய். "வராதே, உன் கையில எண்ணெய் இருக்கு!" என்று கத்தினேன். தெருவே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். இன்று நீ வந்து நின்றாலும் அதையேதான் கத்துவேன்.

காவல் நிலைய வாசலில் மழையில் கிடந்து ஊறிவிட்டு சைக்கிள் திரும்பி வந்துவிட்டது. பின் சக்கரம் கொஞ்சம் கோணல், அவ்வளவுதான். மனுஷன்தான் போய்விட்டார், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் மறுபடியும் ஊளையிடுகிறது. முன்பைவிட அதிகமாக. விடுதிக்காரம்மா துணிக்கு ஆள் அனுப்ப மாட்டாளாம், நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாளாம். அந்த விடுதியை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. அந்தச் சைக்கிளை விட்டால் இந்தக் கட்டுகளைச் சுமக்க வேறு வழியும் இல்லை.

அதனால் கேட்கிறேன். கேட்கவில்லை, சொல்கிறேன். இந்த டியூபை மோட்டாரில் எப்படிப் போடுவது என்று எழுது. நாலாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது. போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் போனைச் சுவரில் அடித்துவிடுவேன்.

சுவரலமாரியில் அவர் கடைசியாக எனக்கு வாங்கி வைத்த களிம்பு டப்பா இருக்கிறது. இஸ்திரிச் சூட்டில் என் விரல்கள் வெடிக்குமே, அதற்குப் பூசுகிற பச்சைக் களிம்பு. வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. தானாகப் புது டப்பா வாங்கி அதே இடத்தில் வைத்திருந்தார். அதைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. விரல் வெடித்து விரிப்பில் ரத்தம் பட்டால் மறுபடி துவைக்கிறேனே தவிர, அதைத் தொடவில்லை. அப்படிப்பட்ட மனுஷனை இல்லாமல் செய்துவிட்டாய்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

உன் கடிதத்தைப் பட்டறையிலேயே நின்றுகொண்டு படித்தேன். முதலாளி, "என்னடா, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்று கேட்டார். ஊரில் மழை என்றேன். வேறென்ன சொல்ல?

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் ஸ்ப்ரே அடிக்கவில்லை. என்னிடம் ஸ்ப்ரே டப்பாவே கிடையாது. சின்ன பாட்டிலில் இருந்து செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு வைத்தேன். அதற்கு முன்னால் பின் பிரேக் தட்டுக்கு மச்சானின் பழைய பனியனைப் போர்த்திக் கட்டினேன். "என்னடா, பொண்ணுக்கு முக்காடு போடுற மாதிரி போடுற?" என்று கேலி செய்தார். நாங்கள் சிரித்தது அதற்குத்தான். வைத்த எண்ணெயையும் கடைசியில் துடைத்து எடுத்துவிட்டேன். இதே வேலையைத் தினமும் செய்கிறவன் நான். என் கையால் எத்தனையோ பேர் சரிவில் இறங்குகிறார்கள்.

இன்னொன்று. மோட்டாரை நான் திறக்கவே இல்லை. உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது, பல்சக்கரம் வறட்சியாக உரசுகிறது, அதுதான் ஊளை என்று மச்சானிடம் சொன்னேன். திறக்க வேண்டிய ஸ்பேனர் சாவிகள் என்னிடம் அன்று இல்லை. ஊருக்குப் போய் சரியான கிரீஸ் அனுப்புகிறேன், அடுத்த தடவை வந்து போட்டுத் தருகிறேன் என்றேன். நான் எந்த மந்திரமும் போடவில்லை. சத்தம் எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது. நிற்க வழியே இல்லை.

நீ நம்பமாட்டாய். நீ ஒன்றை முடிவு செய்துவிட்டால் சுவரில் ஆணி அடித்த மாதிரிதான். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன்.

முதலில் பிரேக்கைக் கவனி. தட்டை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துணி கறுப்பாகாமல் வரும்வரை துடை. எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளைத் துடைத்துப் பயனில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டச் சொல். அதுவரை தயவுசெய்து ஏறாதே.

மோட்டாரை நீ திறக்க வேண்டாம். எப்படி என்று நான் எழுதமாட்டேன். நீ ஏதாவது ஒன்றை மாற்றி மாட்டி, நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் அதுவும் என் தலையில்தான் விழும். ஒரு சாவு போதும் எனக்கு. தெரிந்த ஆளிடம் கொடு.

தம்பி


ஜூன் 17

தம்பி என்று கையெழுத்துப் போடுகிறாயா? அவ்வளவு ரோஷமா?

சரி, எலிக்குட்டி. கேட்டுக்கொள்.

தட்டைத் துடைத்தேன். துணி வெள்ளையாக வரும்வரை. வெள்ளை எது என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம், ஊர் உலகத்துப் படுக்கை விரிப்பை எல்லாம் வெளுக்கிறவள் நான். பிரேக் கட்டை மாற்றவும் கோணலை நிமிர்த்தவும் கண்ணாடிக்காரர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். வேலையை ஒழுங்காகத்தான் செய்தார், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வண்டி? வித்துட்டு நிம்மதியா இருங்க, நானே எடுத்துக்கறேன்" என்றார். "உங்களுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. நீங்க கடையை மூடிட்டு நிம்மதியா இருங்க, நான் எடுத்துக்கறேன்" என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். மோட்டாரைத் திறக்கத் தெரியுமா என்று கேட்டேன். பெடலுக்கு நடுவே இருக்கிற மோட்டாரை எல்லாம் அவர் தொடமாட்டாராம். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதாம். இந்த ஊரில் யாருக்கும் தெரியாதாம்.

தெரிந்தவன் நீ ஒருத்தன். நீயோ பயந்து ஒளிந்துகொள்கிறாய். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறேன் உனக்கு.

நேற்று துணி கொண்டுபோனேன். சரிவில் இறங்கி நடந்து உருட்டினேன், மேட்டில் ஏறும்போது ஏறி உட்கார்ந்தேன். அந்த மேட்டில் அது இடுகிற சத்தம் இருக்கிறதே, தெருவில் இருக்கிற நாயெல்லாம் எழுந்து பார்க்கிறது. விடுதிக்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னம்மா இது, உங்க வண்டி வர்றது மூணாவது மாடிக்குக் கேக்குது. தூங்குறவங்க எந்திரிச்சு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

"வெள்ளைத் துணி வேணும்னா ஊளையும் சேர்ந்துதான் வரும்" என்றேன்.

"உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். அவரு பாவம், ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டாரு. நீங்க எதிர்த்துப் பேசுறீங்க" என்றாள். மாதம் முடியும்வரை பார்ப்பாளாம். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் வேறு ஆள்.

பார், அவளே சொல்கிறாள், அவர் சரி செய்தார் என்று. அவருக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டப்போய் இரண்டு நாள் வீட்டை இருட்டாக்கியவர். சத்தம் நின்றது என்றால் நீதான் ஏதோ செய்திருக்க வேண்டும். செய்துவிட்டு, திறக்கவே இல்லை என்று சாதிக்கிறாய். எதற்குப் பொய்? பொய் சொன்னால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ சொன்ன பனியனைத் தேடினேன். கரித்துணி மூட்டையில் இருந்தது. கயிறு கட்டின சுருக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக எண்ணெய். மறுபக்கம் சுத்தம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதனால் என்ன? ஒரு பனியன் சொன்னால் நான் கேட்டுக்கொள்ள வேண்டுமா?

நீ எழுதாவிட்டாலும் திறப்பேன். சுத்தியல் இருக்கிறது வீட்டில். எப்படித் திறக்க வேண்டும் என்பதை மட்டும் நீ முடிவு செய்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

சுத்தியலைத் தொடாதே. உன்னால் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயம்.

இதோடு வைத்திருக்கும் பையில் மூன்று சாமான் இருக்கிறது. ஆலன் கீ என்கிற வளைந்த ஆறுமுகச் சாவி, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், பெடல் தண்டை வெளியே இழுக்கிற கருவி. கருவி பட்டறையுடையது, திரும்ப வேண்டும்.

முதலில் பேட்டரியை அணைத்து, கழற்றி, வேறு அறையில் கொண்டுபோய் வை. கழற்றினால் போதாது. வேறு அறையில் வை. கையை உள்ளே விட்டிருக்கும்போது மோட்டார் சுற்றினால் விரல் இருக்காது.

பிறகு செயின் இருக்கிற பக்கம். பெடல் தண்டின் நடுவே ஒரு போல்ட். அதைக் கழற்றி அந்தக் குழியில் கருவியை நேராகத் திருகு. கோணலாகப் போனால் நிறுத்து, மறுபடி முதலில் இருந்து. இறுக்க இறுக்கத் தண்டு தானாக வெளியே வரும். அடுத்து பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றி ஸ்க்ரூக்கள். எடுக்கிற ஸ்க்ரூவை எல்லாம் எடுத்த இடத்தின் வரிசையிலேயே கிண்ணத்தைச் சுற்றி வை. நீ சட்டைப் பித்தான்களை வைப்பாயே, அப்படி. அதற்குப் பின்னால் மோட்டாரின் மூடி. அதைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளை நைலான் பல்சக்கரம் தெரியும்.

அங்கே இருக்கிற பழைய கிரீஸ் தேன்மெழுகு மாதிரி காய்ந்து பழுப்பாக இருக்கும். பல்லுக்குப் பல் நடுவே துணி விட்டுத் துடை. தண்ணீர், மண்ணெண்ணெய் எதுவும் ஊற்றாதே. பல் எதுவும் உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். உடைந்திருந்தால் மூடிவிட்டு எனக்கு எழுது.

புது கிரீஸ் எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். நிறைய வைத்தால் நல்லது என்று அடைப்பார்கள். நீ மேசை விரிப்புக்குக் கஞ்சி போடுவாய் இல்லையா, போட்டது தெரியக்கூடாது, ஆனால் மொடமொடப்பு இருக்க வேண்டும். அப்படி. பல்லின் முகத்தில் ஒரு மெல்லிய பூச்சு. சக்கரத்தின் நடுவே இருக்கும் உருளை ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றும், அதில் படவே கூடாது. பட்டால் பிடி வழுக்கும், நீ மிதிப்பாய், வண்டி நகராது. மூடியின் விளிம்பைத் துடைத்துவிட்டு மூடு. எடுத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் மாட்டு. கடைசியில் பெடல் போல்ட்டை உன் முழு பலத்தோடு இறுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கு. என்மேல் இருக்கிற கோபத்தை எல்லாம் அதில் காட்டு.

திறந்ததும் உள்ளே என்ன பார்த்தாய் என்று அப்படியே எழுது. காய்ந்த பழுப்புக் கிரீஸ்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்தால் நான் திறக்கவில்லை என்பது உனக்கே தெரிந்துவிடும்.

மச்சான் கடைசியாக என்னிடம் பேசியதும் இதைப் பற்றித்தான். "கிரீஸ் எங்கடா? விடுதிக்காரி என்னை உள்ளேயே விடமாட்டேங்கிறா" என்றார். அனுப்பிவிட்டேன், வந்துவிடும் என்றேன். "கிரீஸ்னா பெரிய அதிசயமாடா? கொழகொழன்னு இருந்தா போதாதா?" என்றார். அவர் சொல்கிற தினுசில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்தான் கூப்பிட்டார்.

எனக்கும் அவர்தான் மச்சான் அக்கா. நான் அழுவதற்கு நீ ஓர் இடம் கூட விடவில்லை.

எலி


ஜூலை 8

அக்கா,

பதில் இல்லை. திறந்தாயா? ஏதாவது உடைந்துவிட்டதா? உடைந்தாலும் பரவாயில்லை, திட்டியாவது எழுது.

எலி


ஜூலை 15

எலிக்குட்டி,

திறந்தேன். நீ சொன்ன வரிசையில்தான் எல்லாம் செய்தேன். பேட்டரியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். பெடல் தண்டு வரமாட்டேன் என்றது. சாவியின் மேல் ஏறி நின்றேன். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், உயிரே போய்விட்டது. பார்த்தால் தண்டு கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூக்களைக் கஞ்சிக் கிண்ணத்தைச் சுற்றி வட்டமாக வைத்தேன். பெருமையாக இருந்தது. இந்த எலிப்பயல் சொல்லித்தான் செய்கிறோம் என்று எரிச்சலாகவும் இருந்தது.

மூடியை எடுத்தேன்.

முதலில் ஒன்றும் பார்க்கவில்லை. வாசனைதான் வந்தது. பெப்பர்மின்ட் வாசனை. என் கையைத்தான் முகர்ந்து பார்த்தேன், நான் எதுவும் பூசவில்லையே என்று. மறுபடி குனிந்தால் மறுபடி வாசனை. விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீ சொன்ன பழுப்பு அடியில் இருந்தது. அதற்கு மேலே, மூலை மூலையாக, பச்சை. சாம்பல் கலந்த பச்சை. ஒரு மனுஷன் விரலால் வழித்து வழித்து உள்ளே திணித்திருக்கிறான். அவர் விரல் போன தடம் கூட ஓர் ஓரத்தில் இருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு பூசினால் தெரியுமே, அப்படி.

என் களிம்பு. என் கைக்களிம்பு. ஒரு டப்பா முழுக்க.

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு எழுந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். அந்தப் பச்சையில் ஒரு விரல் எடுத்து ஒரு தட்டில் வைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். தொடக்கூட இல்லை, பக்கத்தில்தான். தண்ணீராக ஓடிவிட்டது. மேட்டில் ஏறினால் மோட்டார் எவ்வளவு சுடும் என்று எனக்கு இப்போது தெரியும், என் கெண்டைக்காலில் படுகிறதே. வண்டியைச் சாய்த்து அடியில் பார்த்தேன். சேற்றைச் சுரண்டினால் மூடியின் இடுக்கில் இருந்து பின் சக்கரம் பக்கமாக ஒரு கறை வழிந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க அவர் மேடேற மேடேற அது உருகி உருகிச் சக்கரத்தில் போய் விழுந்திருக்கிறது. சக்கரம் சுற்றி எல்லா இடத்திலும் தெளித்திருக்கிறது. துணிக்கட்டோடு முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று அவருக்கு எப்போதும் பயம், பின் பிரேக்தான் பிடிப்பார். அந்தப் பின் பிரேக்கில் என் கைக்களிம்பு.

நீ திறக்கவில்லை. ஸ்ப்ரேயும் அடிக்கவில்லை. சத்தம் நின்றது அவர் செய்த வேலையால்தான். விடுதிக்காரி சொன்னது சரி.

எப்படித் திறந்தார் என்றும் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்காரரிடம் போய் நேராகக் கேட்டேன். "ஆமாம்மா, ஒரு நாள் வந்து சாவி எல்லாம் இரவல் வாங்கிட்டுப் போனாரு. இழுக்கிற கருவியும்தான். பித்தான் தைக்கிற எந்திரத்தை ரிப்பேர் பண்ணணும்னாரு. மறுநாள் திருப்பிக் கொடுத்துட்டாரு" என்றார். "முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா உங்களுக்கு?" என்றேன். "நீங்க கேக்கலையேம்மா" என்றார். பித்தான் தைக்கிற எந்திரமாம். நம் வீட்டில் எங்கே இருக்கிறது அது?

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவரைத்தான். "ஏய்யா, கிரீஸ்னா என்னன்னு தெரியாதா உனக்கு? தெரியலைன்னா கேக்க வேண்டியதுதானே? வாயில என்ன வச்சிருந்தே?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "யார்கூடம்மா சண்டை?" என்று கேட்டாள். "என் வீட்டுக்காரர்கூட" என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வாரமாக இப்படித்தான் இருக்கிறேன். அதனால்தான் பதில் எழுதவில்லை. உன்மேல் இருந்த கோபத்தையாவது எழுதித் தபாலில் போட முடிந்தது. இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

பச்சையை எல்லாம் துடைத்தேன். அவருடைய நீலச் சட்டையை எடுத்துத் துடைத்தேன், வேண்டுமென்றே, கோபத்தில். பிறகு அந்தச் சட்டையை ஊறவைத்து, தேய்த்து, கறை போகப் போகத் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து அலமாரியில் வைத்தேன். அதுவும் கோபத்தில்தான்.

நீ அனுப்பிய கிரீஸை மெல்லிசாகப் பூசினேன். கஞ்சி மாதிரி. அந்த உருளையில் படவில்லை. பெடல் போல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். யார்மேல் இருக்கிற கோபம் என்று கேட்காதே. வண்டி இப்போது சத்தமே இல்லை. விடுதிக்காரம்மா நான் வாசலில் போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறாள். "அட, வந்துட்டீங்களா?" என்கிறாள். வேலை இருக்கிறது. சரிவில் இறங்கும்போது இன்னும் நடந்துதான் போகிறேன். நாற்சந்தியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறிக்கொள்கிறேன்.

பட்டறைக் கருவியை இதோடு அனுப்புகிறேன். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

அன்று தெரு முனையில் நான் கத்தியதை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தனியாக உன்னிடம் சொன்னால் அது கணக்கில் வராது. கேட்டவர்கள் எல்லாரும் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். ஆகவே நீ வா. வந்து அதே முனையில் நில். வீட்டு வாசலில் இருந்து எலிக்குட்டி என்று கூப்பிடுகிறேன், தெருவே கேட்கிற மாதிரி. மானம் போகிறது என்று ஓடிப்போய்விடாதே. வந்து உள்ளே உட்கார்ந்து அழு. இடம் இருக்கிறது.

ஆனால் உன்மேல் ஒரு கோபம் பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொழகொழன்னு இருந்தா போதாதா என்று கேட்டாராம், நீ சிரித்தாயாம். அவர் கேட்டது கேலிக்கு இல்லையடா. கேலி மாதிரி கேட்டால்தான் தனக்குத் தெரியாது என்பது வெளியே வராது என்று அப்படிக் கேட்டிருக்கிறார். உனக்கு அவரைத் தெரிந்தது அவ்வளவுதானா? அவரோடு இத்தனை வருஷம் இருந்த எனக்கே அவ்வளவுதான் தெரிந்தது, உன்னைச் சொல்லி என்ன.

இன்று அந்தப் புது டப்பாவை எடுத்தேன். இத்தனை நாள் சாமி மாதிரி வைத்திருந்தேனே, அதை. மூடியைத் திறந்தேன். உள்ளே அந்தப் பளபளப்புக் காகிதம் கிழியாமல் அப்படியே இருந்தது. கிழித்து எடுத்து விரலில் பூசினேன். எரிந்தது.

என் சாமானை யாராவது தொட்டால் நான் எப்படிக் கத்துவேன் என்று உனக்குத் தெரியும். அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். கரண்டி இடம் மாறினாலே வீடு இரண்டாகும். டப்பா காலியானது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருப்பார். எங்கே போனது என்று நான் கேட்பேன், மோட்டாரில் போட்டேன் என்று சொல்ல வேண்டிவரும், சொல்லியிருந்தால் "அட கிறுக்கா, அது உருகிடும்யா, எடுத்துத் துடை" என்று நான் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். சூட்டில் எது உருகும் எது உருகாது என்பது எனக்குத் தெரியாதா? என் பிழைப்பே அதுதானே. ஆனால் என் விரல் வெடித்திருப்பதையும் அந்த வாரம் அவர் பார்த்தார். சாப்பிடும்போது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மறுநாள்தான் இந்த டப்பா வந்தது.

இரண்டு மாதிரியும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மாதிரி நினைத்தால் அழுகை வருகிறது. இன்னொரு மாதிரி நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது. உனக்கு மோட்டார் தெரியும். மனுஷனைத் திறந்து பார்க்க உன்னிடம் சாவி இருந்தால் சொல், எலிக்குட்டி.

இந்த டப்பாவை அவர் எனக்காக வாங்கினாரா, எனக்குப் பயந்து வாங்கினாரா?